ஸ்வெர்ட்ரப் படுகை: ஆர்க்டிக் கடற்படிவுகளும் பிளவுகளும்

ஸ்வெர்ட்ரப் படுகை என்பது கனடாவின் வடகோடியில், ஆர்க்டிக் தீவுக்கூட்டத்தின் கீழ் பரந்துள்ள பழங்காலப் படிவுப் படுகை ஆகும். தென்மேற்கிலிருந்து வடகிழக்காக ஏறத்தாழ 1300 கி.மீ. நீளமும், 350 கி.மீ. வரை அகலமும் கொண்டது. கார்பனிபெரஸ் காலத்தில் தொடங்கிப் பேலியோஜீன் காலம் வரை, சுமார் 30 கோடி ஆண்டுகளாக இங்கு மணலும் சேறும் சுண்ணாம்பும் உப்பும் படிந்தன. அவற்றின் மொத்தத் தடிமன் சில இடங்களில் 13 கி.மீ. வரை உள்ளது. எவரெஸ்ட் சிகரத்தின் உயரத்தைவிட இது அதிகம்.

இப்படுகையின் வரலாற்றில் பிளவுகளுக்குத் தனி இடம் உண்டு. படுகை உருவாகக் காரணமானவை பிளவுகளே. பின்னாளில் அதை உடைத்து மேலே தூக்கியவையும் பிளவுகளே. கடலடியில் புதைந்துகிடந்த அடுக்குகளை மலைச்சரிவில் கொண்டுவந்து நிறுத்தியதால் புவியியலாளர்களுக்கு அவை உதவின. எண்ணெய் தேடியவர்களுக்கோ அதே பிளவுகள் பெரும் ஏமாற்றத்துக்கு ஒரு காரணமாயின.

அமைவிடம்

படுகையின் பெரும்பகுதி நுனாவுட் ஆட்புலத்திலும், மேற்கு ஓரம் வடமேற்கு ஆட்புலத்திலும் அமைந்துள்ளது. எல்ஸ்மியர், ஆக்செல் ஹைபெர்க், அமுண்ட் ரிங்னெஸ், எல்லெஃப் ரிங்னெஸ், கிங் கிறிஸ்டியன், மெல்வில், பிரின்ஸ் பேட்ரிக் ஆகிய தீவுகளிலும், அவற்றுக்கு இடைப்பட்ட கடலடியிலும் இதன் பாறைகள் உள்ளன. கிழக்கே உயர்ந்த மலைகளும் பனியாறுகளும் காணப்படுகின்றன. மேற்கே செல்லச் செல்ல நிலம் தாழ்ந்து, மென்மையான மேடுகளாக மாறுகிறது. இந்த வேறுபாட்டுக்கும் பிளவுகளே காரணம் என்பது பின்னர் விளக்கப்படும்.

படுகை உருவான விதம்

பாறையில் விரிசல் விழுந்து, அதன் இரு பக்கங்களும் ஒன்றையொன்று உரசியபடி இடம் பெயர்ந்தால் அதனைப் பிளவுப்பெயர்ச்சி அல்லது சுருக்கமாகப் பிளவு என்பர். நிலம் இருபுறமும் இழுக்கப்படும்போது விரிசலின் ஒரு பக்கம் கீழே சரிகிறது. நிலம் நெருக்கப்படும்போது ஒரு பக்கம் மற்றதன்மேல் ஏறுகிறது. பின்னதை மேலுந்து பிளவு எனலாம். ஸ்வெர்ட்ரப் படுகையில் இவ்விரண்டும் வெவ்வேறு காலங்களில் நிகழ்ந்துள்ளன.

டெவோனியன் காலத்தின் இறுதியில் இப்பகுதியில் ஒரு பழைய மலைத்தொடர் எழுந்தது. அதன்பின் கார்பனிபெரஸ் காலத்தில், ஏறத்தாழ 33 கோடி ஆண்டுகளுக்கு முன், அந்த நிலம் இழுபட்டு, பிளவுகளின் வழியே பகுதி பகுதியாகக் கீழே இறங்கியது. பள்ளங்களில் முதலில் ஏரிச் சேறும் ஆற்று மணலும் படிந்தன. பிறகு கடல் உள்ளே புகுந்தது.

அப்போது இந்நிலம் இன்று இருக்கும் துருவப் பகுதியில் இல்லை. நிலநடுக்கோட்டுக்கு இன்றைவிட மிக அருகில், வறண்ட வெப்பமான சூழலில் இருந்தது. கடல்நீர் தாராளமாக வந்துபோக வழியில்லாத பள்ளத்தில் வெயிலால் நீர் ஆவியாக, ஜிப்சமும் அன்ஹைட்ரைட்டும் சாதாரண உப்பும் தடித்த அடுக்குகளாகப் படிந்தன. உப்பளத்தில் நடப்பதே அங்குப் பேரளவில் நடந்தது. இந்த அடுக்கு 'ஓட்டோ ஃபியோர்டு பாறைத்தொகுதி' எனப்படுகிறது. படுகையின் விளிம்புகளில் சுண்ணாம்புக்கல் மேடைகள் வளர்ந்தன.

13 கி.மீ. தடிமனுள்ள படிவுகள் இருப்பதால் கடலும் 13 கி.மீ. ஆழமாக இருந்தது என்று எண்ணுவது தவறு. பிளவுபட்டு மெலிந்த புவியோடு மெல்லக் குளிர்ந்து தாழ்ந்தது. தாழ்ந்த இடத்தை ஆறுகள் கொண்டுவந்த சேறு நிரப்பியது. அந்தச் சேற்றின் எடை அடித்தளத்தை மேலும் அமிழ்த்தியது. இவ்வாறு தாழ்வதும் நிரம்புவதும் மாறி மாறி நடந்ததால், கடல் மிக ஆழமாக இல்லாமலேயே படிவுகள் குவிந்தன.

பெர்மியன், ட்ரையாசிக், ஜுராசிக், கிரெட்டேசியஸ் காலங்களின் கடற்சேறும் கழிமுக மணலும் ஒன்றன்மேல் ஒன்றாக இங்கு அமைந்துள்ளன. கிரெட்டேசியஸ் காலத்தில் எரிமலைக் குழம்பு இவ்வடுக்குகளின் ஊடாகப் பாய்ந்து, ஆக்செல் ஹைபெர்க் தீவில் பசால்ட்டுப் பாறையாகப் பரவியது. அதே காலக் கடற்சேற்றில் 'கிளெண்டோனைட்டு' எனும் படிகக் கட்டிகள் கிடைக்கின்றன. மிகக் குளிர்ந்த நீரில் மட்டுமே உருவாகும் ஒரு கனிமத்தின் வடிவத்தை இவை தாங்கியுள்ளன. உலகம் பொதுவாக வெப்பமாக இருந்த கிரெட்டேசியஸ் காலத்திலும் வடகடல் சில வேளைகளில் கடுங்குளிராக இருந்தது என்பதற்கு இவை சான்று.

மாலுமிகள் கண்ட முதல் தடயங்கள்

இப்பாறைகளைப் பற்றிய முதல் செய்திகள், காணாமற்போனவர்களைத் தேடிச் சென்ற மாலுமிகள் மூலம் கிடைத்தன. 1845-ல் சர் ஜான் ஃபிராங்க்ளின் தலைமையில் வடமேற்குக் கடல்வழியைத் தேடிப் புறப்பட்ட இரண்டு பிரிட்டிஷ் கப்பல்கள் திரும்பவில்லை. அவற்றைத் தேடப் பல குழுக்கள் அனுப்பப்பட்டன.

அவற்றுள் ஒன்றுக்குத் தலைமை தாங்கிய எட்வர்ட் பெல்ச்சர் 1852-ல் எக்ஸ்மவுத் என்ற சிறு தீவில் இக்தியோசர் எனும் கடல்வாழ் ஊர்வனவற்றின் எலும்புகளைக் கண்டெடுத்தார். உடற்கூற்றியல் அறிஞர் ரிச்சர்ட் ஓவன் அவற்றை ஆராய்ந்தார். 1853-ல் லியோபோல்ட் மெக்கிளின்டாக், பிரின்ஸ் பேட்ரிக் தீவின் வில்க்கி முனையில் சுருள் ஓடுகளுடைய அம்மோனைட்டுகளைச் சேகரித்தார். அவை ஜுராசிக் காலத்தவை. பனி மூடிய தீவுகளில் இத்தகைய கடல் உயிரிகள் எவ்வாறு வந்தன என்ற கேள்வி அப்போதே எழுந்தது.

ஆயினும் இவை தனித்தனித் துணுக்குகளே. எந்த அடுக்கு கீழே, எந்த அடுக்கு மேலே என்ற வரிசை தெரியாதவரை அவற்றைக் கொண்டு ஒரு வரலாற்றை எழுத இயலாது.

ஸ்வெர்ட்ரப் பயணமும் பெர் ஷேயும்

அந்த வரிசையை முதலில் காட்டியது 1898 முதல் 1902 வரை நடந்த நார்வே நாட்டுப் பயணம். 'ஃபிராம்' கப்பலின் தலைவர் ஓட்டோ ஸ்வெர்ட்ரப். கப்பல் பனியில் உறைந்து நிற்க, குழுவினர் நாய்கள் இழுக்கும் சறுக்கு வண்டிகளில் நான்கு குளிர்காலங்களைக் கடந்து தீவுகளை வரைபடமாக்கினர். ஏறத்தாழ 2,60,000 சதுர கி.மீ. பரப்பு புதிதாக வரையப்பட்டது. பயணத்துக்குப் பொருளுதவி செய்த ஆக்செல் ஹைபெர்க், ரிங்னெஸ் சகோதரர்கள் ஆகியோரின் பெயர்கள் தீவுகளுக்குச் சூட்டப்பட்டன. படுகைக்குப் பின்னாளில் ஸ்வெர்ட்ரப்பின் பெயரே வைக்கப்பட்டது.

குழுவின் புவியியலாளர் பெர் ஷேய் 1875-ல் பிறந்தவர். எல்ஸ்மியர் தீவின் தெற்கு, மேற்குக் கரைகளில் அவர் பாறை அடுக்குகளை வரிசைப்படி அளந்தார். ஒவ்வோர் அடுக்கிலும் கிடைத்த தொல்லுயிர் எச்சங்களைத் தனித்தனியே குறித்து வைத்தார். சறுக்கு வண்டியில் கற்களை ஏற்றினால் நாய்களுக்கும் மனிதர்களுக்குமான உணவின் அளவைக் குறைக்க வேண்டும். ஆகவே ஒவ்வொரு கல்லும் எண்ணிப் பார்த்து எடுக்கப்பட வேண்டியிருந்தது.

டெவோனியன் காலத் தாவரங்கள், கார்பனிபெரஸ் காலச் சிப்பிகள், ட்ரையாசிக் கால அம்மோனைட்டுகள் எனப் பல யுகங்களின் சான்றுகளுடன் அவர் நாடு திரும்பினார். முன்னோட்ட அறிக்கை ஒன்றை 1903-ல் வெளியிட்டார். முழு அறிக்கையை எழுதி முடிக்கும் முன்பே, 1905-ல், முப்பது வயதளவில் இறந்துபோனார். அவர் சேகரித்தவற்றைப் பல நாட்டு அறிஞர்கள் பங்கிட்டு ஆராய்ந்து, ஆண்டுக்கணக்கில் நூல்களாக வெளியிட்டனர். எங்கே, எந்த அடுக்கில் எடுத்தது என்று அவர் ஒழுங்காகக் குறித்து வைத்திருந்ததால்தான் அது முடிந்தது. ட்ரையாசிக் காலப் பாறைகளின் ஒரு முக்கியத் தொகுதி இன்று 'ஷேய் முனைத் தொகுதி' என வழங்கப்படுகிறது.

தீவுகள் யாருக்கு என்ற சிக்கல் நீண்ட நாள் இருந்தது. ஸ்வெர்ட்ரப் அவற்றை நார்வேக்கு உரியவை என அறிவித்திருந்தார். 1930-ல் நார்வே கனடாவின் உரிமையை ஏற்றது. வரைபடங்களுக்கும் குறிப்பேடுகளுக்கும் ஈடாகக் கனடா ஸ்வெர்ட்ரப்புக்கு 67,000 டாலர் வழங்கியது. அதே ஆண்டு நவம்பரில் அவர் காலமானார்.

கனடாவின் நில ஆய்வுகள்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் வடதுருவப் பகுதி இராணுவ முக்கியத்துவம் பெற்றது. தீவுகளில் வானிலை நிலையங்கள் எழுந்தன. 1953-ல் கனடா அரசு கியூபெக்கின் வடபகுதியிலிருந்து இனுவிட் குடும்பங்களை ரெசொல்யூட், கிரைஸ் ஃபியோர்டு ஆகிய இடங்களுக்குக் குடிபெயர்த்தது. பழகாத இருளிலும் குளிரிலும் அக்குடும்பங்கள் பட்ட துன்பத்துக்கு அரசு 2010-ல் மன்னிப்புக் கேட்டது. பாறைகளை ஆராய வந்தவர்களுக்கு ரெசொல்யூட் ஒரு தளமாகவும், அங்கு வாழ்ந்த இனுவிட்கள் நாய்வண்டிப் பயணத்தில் துணைவர்களாகவும் அமைந்தனர்.

1955-ல் கனடா புவியியல் ஆய்வுத்துறை, ஈவ் ஃபோர்த்தியே தலைமையில் 'ஆப்பரேஷன் ஃபிராங்க்ளின்' என்ற பெரும் ஆய்வை நடத்தியது. நாய்வண்டியில் பல வாரம் ஆகும் தொலைவை ஹெலிகாப்டர்கள் சில மணி நேரத்தில் கடந்தன. ஒரே கோடையில் மிகப் பெரிய பரப்பு ஆராயப்பட்டது. இதன் அறிக்கை 1963-ல் நூலாக வந்தது.

இதைத் தொடர்ந்து ரேமண்ட் தோர்ஸ்டைன்சன், டிம் டோசர் ஆகிய இருவரும் மேற்குத் தீவுகளை ஆராய்ந்தனர். காற்றழுத்தம் குறைந்த பெரிய சக்கரங்கள் பொருத்திய சிறு விமானங்கள் ஓடுபாதை இல்லாத சேற்று நிலத்திலும் இறங்க உதவின. படுகையின் எல்லை, வடிவம், அடுக்குகளின் வரிசை ஆகியன இந்த ஆண்டுகளில்தான் தெளிவாயின.

இமயமலையுடன் ஓர் உறவு

டோசரின் முக்கியப் பணி ட்ரையாசிக் காலக் கணக்கைச் சீர்செய்தது. புவி வரலாற்றின் மிகப் பெரிய உயிரினப் பேரழிவு சுமார் 25.2 கோடி ஆண்டுகளுக்கு முன், பெர்மியன் காலம் முடிந்து ட்ரையாசிக் காலம் தொடங்கும் தறுவாயில் நிகழ்ந்தது. அதன்பின் உயிர்கள் மீண்டு வந்த காலத்தின் படிவுகள் பல நாடுகளில் மெல்லியவை அல்லது இடையிடையே விடுபட்டவை. ஆக்செல் ஹைபெர்க், எல்ஸ்மியர் தீவுகளிலோ அவை தடித்தும் தொடர்ச்சியாகவும் உள்ளன.

1965-ல் டோசர் தொடக்க ட்ரையாசிக் காலத்தை நான்கு பகுதிகளாகப் பிரித்தார். அவை கிரீஸ்பாக்கியன், டீனரியன், ஸ்மித்தியன், ஸ்பாத்தியன் என்பன. இந்த நான்கும் அத்தீவுகளில் உள்ள ஓடைகளின் பெயர்கள். ஓடைகளோ அம்மோனைட்டு ஆய்வில் புகழ்பெற்ற நான்கு அறிஞர்களின் பெயரைத் தாங்கியவை.

இவர்களுள் கார்ல் லுடோல்ஃப் கிரீஸ்பாக் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையின் தலைவராக இருந்தவர். இமயமலையில் ட்ரையாசிக் காலத் தொடக்கத்தைக் காட்டும் 'ஓட்டோசெரஸ்' எனும் அம்மோனைட்டு வகையை 1880-ல் விவரித்தவர் அவரே. ஆஸ்திரிய அறிஞர் கார்ல் டீனரும் இமயமலை எச்சங்களை விரிவாக ஆராய்ந்தவர். ஓட்டோசெரஸின் வேறோர் இனம் ஆர்க்டிக் தீவுகளின் அடுக்குகளிலும் கிடைத்தது. ஒன்றுக்கொன்று மிகத் தொலைவில் இருந்த இரண்டு கடல்களின் சேற்றை ஒரே காலத்தவை என்று பொருத்திப் பார்க்க இந்தச் சிறிய சுருள் ஓடு உதவியது. டோசரின் நான்கு பெயர்களும் இன்றும் உலகெங்கும் துணைப்பிரிவுகளாகப் பயன்பாட்டில் உள்ளன.

இதே அடுக்குகள் பேரழிவின் காரணம் பற்றியும் பேசுகின்றன. ஆக்செல் ஹைபெர்க் தீவின் பியூக்கனன் ஏரிப் பகுதியில், பேரழிவுக்குச் சற்று முன் படிந்த கடற்சேற்றில் நுண்ணிய கரித்துகள்கள் இருப்பதாக 2011-ல் கனடிய ஆய்வாளர்கள் அறிவித்தனர். அவை அனல்மின் நிலையச் சாம்பலை ஒத்திருந்தன. சைபீரியாவின் எரிமலைக் குழம்பு நிலக்கரி அடுக்குகளை எரித்ததால் எழுந்த சாம்பலே காற்றில் மிதந்து இங்கு வந்து விழுந்தது என்பது அவர்களின் விளக்கம்.

உப்புக் குன்றுகள்

மணலும் சேறும் மேலே குவியக் குவிய இறுகிக் கனத்தன. அடியில் இருந்த உப்போ அவ்வாறு இறுகுவதில்லை. பெரும் அழுத்தத்தில் அது பிசைந்த மாவைப்போல மெல்ல நகரும் தன்மையுடையது. பிளவுகளும் மெலிந்த இடங்களும் கிடைத்தபோது உப்பு மேலெழுந்து, அடுக்குகளைத் துளைத்துக் குவிமாடங்களாக நின்றது. எல்லெஃப் ரிங்னெஸ் தீவின் ஐசக்சன் குவிமாடம் இதற்கு எடுத்துக்காட்டு. ஆக்செல் ஹைபெர்க் தீவில் மட்டும் நாற்பதுக்கும் மேற்பட்ட குவிமாடங்கள் வெளியே தெரிகின்றன. ஈரானின் சாக்ரோஸ் மலைப்பகுதிக்கு அடுத்தபடியாக இவ்வளவு நெருக்கமாக இவை காணப்படுவது இங்கேதான் என்பர்.

அத்தீவின் எக்ஸ்பெடிஷன் ஃபியோர்டு பகுதியில் இத்தகைய குன்றுகளின் அருகே உப்புநீர் ஊற்றுகள் உள்ளன. குளிர்காலத்தில் காற்றின் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழ் 40 பாகைக்கு இறங்கினாலும் இவை உறைவதில்லை. நீரில் கரைந்துள்ள உப்பே அதற்குக் காரணம். இவ்வூற்றுகளில் நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. செவ்வாய்க் கோளில் உயிர்கள் இருக்கக்கூடுமா என ஆராய்வோர் ஒப்பீட்டுக்காக இங்கு வருகின்றனர்.

படுகையை உடைத்த பிளவுகள்

ஏறத்தாழ 6 கோடி ஆண்டுகளுக்கு முன் படுகையின் வாழ்வு முடிவுக்கு வரத் தொடங்கியது. கிரீன்லாந்தின் மேற்கே லாப்ரடார் கடலும், கிழக்கே நார்வே–கிரீன்லாந்துக் கடலும் விரிந்தன. இரண்டுக்கும் இடையில் அகப்பட்ட கிரீன்லாந்து வடக்கு நோக்கி நகர்ந்து எல்ஸ்மியர் நிலப்பகுதியை நெருக்கியது. இதனை 'யூரீக்கன் மலையாக்கம்' என்பர். ஏறத்தாழ 3.5 கோடி ஆண்டுகளுக்கு முன்வரை இது நீடித்தது. கார்பனிபெரஸ் காலத்தில் கீழே சரிந்த பழைய பிளவுகள் சில, இப்போது எதிர்த்திசையில் மேலே ஏறின.

ஆக்செல் ஹைபெர்க் தீவின் கிழக்கில் உள்ள ஸ்டோல்ஸ் மேலுந்து பிளவில் இதை நேரில் காணலாம். அங்கே கார்பனிபெரஸ் கால உப்புப் படிவும் ட்ரையாசிக் காலப் பாறையும், தம்மைவிட மிக இளைய பாறைகளின்மேல் ஏறி நிற்கின்றன. முதியது கீழே, இளையது மேலே என்ற வழக்கமான வரிசை இங்குத் தலைகீழானது.

எழுந்த மலை உடனே அரிக்கப்பட்டது. அதிலிருந்து அடித்துவரப்பட்ட கல்லும் மணலும் அடிவாரத்துச் சமவெளியை மூடின. அச்சமவெளியில் சுமார் 4.5 கோடி ஆண்டுகளுக்கு முன் அடர்ந்த சதுப்புக்காடு இருந்தது. 1985-ல் ஜியோடெடிக் குன்றுகளில் அக்காட்டின் அடிமரங்கள் வேரோடு நின்ற நிலையில் கண்டறியப்பட்டன. அவை கல்லாக மாறவில்லை. அறுத்தால் அறுபடும், தீயிட்டால் எரியும் மரமாகவே உள்ளன. சீனாவில் இன்றும் வளரும் மெட்டாசெக்குவோயா இவற்றுள் முக்கியமானது. ஆண்டில் பல மாதங்கள் இருள் சூழும் இடத்தில் பெருமரக்காடு செழித்திருந்தது என்பதை அந்தப் பிளவு குவித்த மண்ணே காத்துத் தந்தது.

எண்ணெய், எரிவாயுத் தேடல்

ஆர்க்டிக் தீவுகளின் முதல் எண்ணெய்க் கிணறு 1961–62 குளிர்காலத்தில் மெல்வில் தீவின் வின்டர் ஹார்பரில் தோண்டப்பட்டது. 3,800 மீட்டருக்கு மேல் துளையிட்டும் பயன் இல்லை. பின்னர், வடதீவுகளின்மீது தன் உரிமையை நிலைநாட்டவும் விரும்பிய கனடா அரசு, தனியார் நிறுவனங்களுடன் கூட்டாக 'பானார்க்டிக்' நிறுவனத்தில் பங்கேற்றது. 1969-ல் மெல்வில் தீவின் டிரேக் முனையில் பெரும் எரிவாயு வயல் கண்டுபிடிக்கப்பட்டது. 1970-ல் கிங் கிறிஸ்டியன் தீவில் ஒரு கிணறு கட்டுக்கடங்காமல் வெடித்து, சுமார் மூன்று மாதங்கள் எரிந்தது.

நூற்றுக்கும் மேற்பட்ட கிணறுகள் தோண்டப்பட்டன. கண்டறியப்பட்ட எரிவாயு ஏறத்தாழ 50,000 கோடி கன மீட்டர் எனக் கணக்கிடப்பட்டது. ட்ரையாசிக் காலக் கடற்சேற்றில் புதைந்த நுண்ணுயிரிகளே இவ்வெரிபொருளின் முதன்மை மூலம். ட்ரையாசிக், ஜுராசிக் கால மணற்பாறைகள் அதைத் தேக்கி வைத்துள்ளன.

கண்டுபிடிப்புகளில் பெரும்பாலானவை பிளவுகளால் அதிகம் சிதையாத மேற்குப் பகுதியில் அமைந்தவை. எரிவாயு தங்கவேண்டுமானால் அதன்மேல் உடையாத களிப்பாறை மூடி இருக்க வேண்டும். கிழக்கே யூரீக்கன் பிளவுகள் பல மூடிகளை உடைத்து, தேங்கியிருந்ததை வெளியேற விட்டிருக்கலாம் எனக் கருதப்படுகிறது.

மேற்கில் கிடைத்த எரிவாயுவும் சந்தையை அடையவில்லை. குழாய்வழித் திட்டமும், திரவமாக்கிக் கப்பலில் கொண்டுசெல்லும் திட்டமும் செலவு மிகுதியால் கைவிடப்பட்டன. கேமரான் தீவின் பென்ட் ஹார்ன் வயலிலிருந்து மட்டும் 1985 முதல் 1996 வரை கோடைதோறும் கப்பலில் எண்ணெய் அனுப்பப்பட்டது. அந்த எண்ணெய் தேங்கியிருந்ததோ படுகைக்கும் முந்தைய டெவோனியன் காலச் சுண்ணாம்புக்கல்லில்.

ஆய்வுச் சிறப்பு

ஷேய் அளந்த கரைகள், டோசரின் ஓடைகள், பியூக்கனன் ஏரியின் கரித்துகள்கள், ஜியோடெடிக் குன்றுகளின் காடு ஆகிய அனைத்தும் படுகையின் கிழக்குப் பகுதியைச் சேர்ந்தவை. எண்ணெய் தேடுவோர்க்கு நம்பிக்கை தராத அதே உடைந்த நிலம்தான் புவி வரலாற்றுக்கு மிகுந்த சான்றுகளை அளித்தது. மேற்கில் பல கி.மீ. துளையிட்டு, கைப்பிடி அளவு பாறைத் துண்டாகப் பெற வேண்டிய அடுக்குகளைக் கிழக்கில் மலைச்சரிவில் நடந்தபடியே பார்க்கலாம்.

எண்ணெய்க் கிணறுகளும் வீண்போகவில்லை. அவற்றிலிருந்து எடுத்த பாறை மாதிரிகளும் நிலநடுக்க அலைப் பதிவுகளும் மேற்குப் பகுதியின் அடித்தளத்தை அறிய இன்றும் பயன்படுகின்றன. மலைச்சரிவில் படித்ததையும் கிணற்றில் கண்டதையும் அடுக்குக்கு அடுக்கு பொருத்திப் பார்த்தே படுகையின் முழு வரலாறு எழுதப்பட்டு வருகிறது.